மூணாவது வளைவுக் கண்ணாடி

ஜன்னலோரம் நீங்க உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு வேண்டாம். இந்த ரூட்ல நான் ஜன்னலோரம் உக்கார்றதே இல்ல. காத்து ஒத்துக்காது.

பெட்டியில தொங்குற சீட்டத்தானே பாக்குறீங்க? ஆமா, லண்டன்லேர்ந்துதான் வர்றேன். லண்டன்னா லண்டனே இல்ல, அங்கேர்ந்து ரெண்டு மணி நேரம் ரயில்ல போகணும். மெல்லிங்ஃபோர்டுன்னு ஒரு ஊரு. என் மக பூங்கொடி அங்க மருந்துக்கடையில மருந்தாளுநரா இருக்கா. மூணு மாசத்துக்குன்னு போனேன், ஏழே வாரத்துல திரும்பிட்டேன். ஏன்னு கேளுங்க. கேக்கலேன்னாலும் சொல்லத்தான் போறேன், சேத்தமங்கலம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கு.

சீ, அதெல்லாம் ஒரு ஊரா? எல்லாரும் சொல்றானே, வெளிநாடு வெளிநாடுன்னு. பாத்ரூம்ல கம்பளம் விரிச்சிருக்கான் தம்பி, கம்பளம்! வாடகை வீடு, குடிவந்தப்பவே போட்டிருந்ததாம். ஈரக் கம்பளத்துல வெறுங்கால வச்சிருக்கீங்களா? செத்த எலி மேல கால வச்ச மாதிரி இருக்கும். தட்டை சோப்புத் தண்ணியில முக்கி எடுத்து அப்படியே துணியால துடைச்சு அடுக்குறான், அலசுறதுங்கிற பேச்சே கிடையாது. வறுத்த உருளைக்கிழங்கு மேல புளிச்ச காடியை ஊத்தித் திங்கிறான். சரி, ஆத்தோரம் காலார நடக்கலாம்னு போனா வழியெல்லாம் வாத்துப் பீ. அதுக்கு நடுவுல பெஞ்சு போட்டு உக்காந்து ரொட்டி திங்கிறான். எனக்குக் குமட்டிக்கிட்டு வரும்.

ஆறுன்னு சொன்னேன் பாருங்க, அதுக்கே நாக்கு கூசுது. நம்ம ஊர் பாசன வாய்க்கால் அகலம்கூட சமயத்துல இருக்காது. அதுல வருஷம் பூரா தண்ணி ஓடுது. கோடையிலயும் ஓடுது. ஆறுன்னா காயணும், அப்புறம் கரையை உடைக்கணும், ஜனங்க பயப்படணும். இது ஒரு ரோஷமும் இல்லாம ஒரே மாதிரி ஓடிக்கிட்டுக் கிடக்கு.

அதுக்கு மேல ஒரு பாலம். அந்தப் பாலத்தாலதான் தம்பி எல்லாக் கருமமும்.

ஐந்நூறு வருஷத்துப் பாலமாம். கல்லால கட்டினது, அஞ்சு வளைவு. ஒரு கார் போனா எதிர்ல வர்ற கார் நிக்கணும். அவ்வளவு குறுகல். நடந்து போறவன் ஒதுங்குறதுக்குன்னு கைப்பிடிச் சுவர்ல அங்கங்க முக்கோணமா ஒரு பொந்து விட்டிருக்கான். கார் வந்தா நீங்க அந்தப் பொந்துக்குள்ள போய் ஒண்டிக்கணும். கார்க்காரன் உங்களுக்குக் கையாட்டுவான், நீங்க அவனுக்குக் கையாட்டணும். ஒருதடவை நான் ஆட்டல. அதுக்கு நின்னு, கண்ணாடிய இறக்கி, 'உடம்பு நல்லாயிருக்கீங்களா'ன்னு கேக்குறான்.

நான் முப்பத்திரெண்டு வருஷம் சர்க்கார்ல இன்ஜினியர் தம்பி. எந்தத் துறைன்னு கேக்காதீங்க, ரிட்டயர் ஆனாலும் ஒரு மரியாதை இருக்கு. வைத்தியலிங்கம்னு சொன்னா இந்தப் பக்கத்து கான்ட்ராக்டர் எல்லாம் எந்திரிச்சு நிப்பான். நான் கட்டின பாலம் எத்தனையோ. கருக்கனாத்துப் பாலம் நான் கட்டினதுதான். ரெண்டு லாரி தாராளமா எதிரும் புதிருமா போகும். அது வெள்ளத்துல போயிடுச்சு, அது வேற விஷயம்.

எங்கிட்ட விட்டிருந்தா அந்தக் கிழட்டுப் பாலத்தை மூணே மாசத்துல இடிச்சுத் தள்ளியிருப்பேன். அந்த ஊர்க்காரன் என்ன பண்றான் தெரியுமா? அதைக் கொஞ்சுறான். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வீடு பொறுப்பு. சனிக்கிழமை காலைல சின்னப் படகுல வளைவுக்கு அடியில போயி, மரச் சுத்தியலால ஒவ்வொரு கல்லா தட்டி, காதை வச்சுக் கேட்டு, நோட்டுல எழுதி வைக்கிறான். பாலத்துக்கு நாடி பாக்குறானாம்! கல்லு கெட்டியா இருந்தா ஒரு சத்தமாம், உள்ள பொக்கா இருந்தா வேற சத்தமாம். அது எனக்கும் தெரியும். தெரிஞ்சா அதுக்காக சனிக்கிழமை சனிக்கிழமை தட்டிக்கிட்டிருக்கணுமா?

இந்தக் கூத்துல என் மகளும் சேந்துக்கிட்டா. மாப்பிள்ளை வாரம் பூரா லண்டன்ல வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவார். பேத்திக்கு எட்டு வயசு, பள்ளிக்கூடம் ஆத்துக்கு அந்தக் கரையில. நான் பாட்டுக்கு வீட்டுக்குள்ள குளிர்ல சுருண்டு கிடக்கேன். பெத்த அப்பன் கடல் தாண்டி வந்திருக்கானே, சனிக்கிழமையாவது கூட உக்காந்து நாலு வார்த்தை பேசுவோம்னு கிடையாது. அந்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டுக் கிழவியோட கிளம்பிடுவா.

ஒளிக்காம சொல்றேன் தம்பி. என் வீட்டுக்காரி போய் ரெண்டு வருஷமாச்சு. வீட்டைப் பூட்டி சாவியை எதிர் வீட்டுல குடுத்துட்டுத்தான் கிளம்பினேன். திரும்பி வர்ற எண்ணமே எனக்கில்ல. 'இங்கேயே இருந்துடுங்கப்பா'ன்னு அவ வாயால சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்தேன். நானாக் கேட்டு இருந்தா மரியாதையா? அவளும் சொல்ற மாதிரி வருவா. 'மூணு மாசம் இருந்து பாருங்கப்பா, பழகிடும்'னு சொல்லுவா. அப்புறம் அவளோட கறுப்பு டீயை எடுத்துக்கிட்டுப் போயிடுவா. அந்த ஊர்ல நாய்கூட பால் ஊத்தித்தான் டீ குடிக்கும், இவ மட்டும் கறுப்பு டீ. பத்து வயசுலேர்ந்து பாலைத் தொடமாட்டா. அவ அம்மா கெஞ்சிப் பாத்தா, நான் அடிச்சும் பாத்தேன். ஒரு கிறுக்கு.

பக்கத்து வீட்டுக் கிழவியைப் பத்திச் சொல்லணும். ஹிலரின்னு பேரு, எண்பத்தொரு வயசு. அவ புருஷன் அந்தக் கரையில ஒரு முதியோர் இல்லத்துல இருக்கார், நினைவு தப்பிப் போச்சு. தினம் பதினோரு மணிக்கு ஒரு அவிச்ச முட்டையைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு பாலத்து மேல நடந்து போவா. எதுக்கும்மா முட்டை, அங்க குடுக்கமாட்டாங்களான்னு கேட்டேன். குடுப்பாங்க, ஆனா நான் குடுத்தாத்தான் அவர் என் பேரைச் சொல்றார்ங்கிறா. முட்டை நாத்தம் அடிக்கிற கோட்டைப் போட்டுக்கிட்டு நம்ம வீட்டு சோபாவுலயே வந்து உக்காருவா. என் மக அவளைக் கட்டிப் பிடிச்சுக்குவா.

அஞ்சாவது வாரம் ஒருநாள். ஆத்தோரம் வாத்துப் பீயை ஒதுக்கி ஒதுக்கி நடந்துக்கிட்டிருக்கேன். எதேச்சையா பாலத்தைப் பாக்குறேன். மூணாவது வளைவுல, உச்சிக் கல்லுக்குப் பக்கத்துல, ஒரு விரிசல். நல்ல விரிசல். நம்ம கண்ணுக்குத் தப்புமா? விரிசல் மேல ஏதோ மினுங்குச்சு, நத்தை ஊர்ந்த தடம்னு நெனச்சேன். அங்கதான் எங்க பாத்தாலும் நத்தையாச்சே.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாரா வாரம் தட்டினீங்களேடா, இது தெரிஞ்சுதாடான்னு. நேரா வீட்டுக்கு வந்து பேப்பர் எடுத்தேன்.

மனு எழுதுறது எனக்குக் கைவந்த கலை தம்பி. ரிட்டயர் ஆனதுலேர்ந்து காலைல நடை, பேப்பர், ஒரு மனு. தெருவிளக்கு எரியலையா மனு, சாக்கடை அடைச்சுதா மனு. எல்லாம் பதிவுத் தபால். ரசீதை நூல்ல கோத்து வச்சிருக்கேன், மாலையாட்டம் தொங்கும். ஒரு பய படிச்சதில்ல, ஒரு பய பதில் போட்டதில்ல. மனுன்னா அதுதானே? எழுதுனா நமக்கு மனசு ஆறும், அங்க அலமாரி நிறையும். யாருக்கும் நஷ்டமில்ல.

அந்தப் பழக்கத்துலதான் எழுதினேன். நாலு பக்கம், பதினோரு பத்தி. 'மேற்படி பாலம் எந்த நேரமும் இடிந்து விழும் அபாயத்தில் உள்ளதாலும், பொதுமக்களின் உயிருக்கு உத்தரவாதம் இல்லாததாலும்'னு நம்ம பாணியிலயே இங்கிலீஷ்ல போட்டேன். உடனே மூட வேண்டியதுன்னு முடிச்சேன். கீழ பேரு, படிப்பு, பதவி, ஓய்வுன்னு அடைப்புக்குறி. மனு கவுன்சிலுக்கு, அதாவது அந்த ஊர் நகராட்சிக்கு; நகல் போலீசுக்கு, நகல் அரண்மனைக்கு. பூங்கொடி டிராயர்ல ஸ்டாம்பு இருந்துச்சு, ஒட்டி அந்தச் சிவப்புப் பெட்டியில போட்டேன். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

படிச்சுட்டாங்க தம்பி!

மூணாம் நாள் காலைல மஞ்சள் சட்டை போட்டவன் நாலு பேர் வந்து பாலத்துக்கு ரெண்டு பக்கமும் தடுப்பு வச்சுட்டான். கார் போகக்கூடாது, ஆள் போகக்கூடாது, நாய் போகக்கூடாது. ஒரு காகிதத்தை நம்பி ஒரு ஊரையே ரெண்டா வெட்டிட்டான். என்ன நிர்வாகம் இது? நாலு தடவை நினைவூட்டுக் கடிதம் வாங்காம ஒரு அதிகாரி அசையலாமா? எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு.

பூங்கொடி வேலைக்குக் கிளம்பிப் போனவ திரும்பி வந்தா. நான் தோசை சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்.

"பாலத்தை மூடிட்டாங்கப்பா. யாரோ ரிட்டயர்ட் இன்ஜினியர் கவுன்சிலுக்கு எழுதினாராம்."

சொல்லிட்டு என்னையே பாத்தா. நான் சட்னி கொஞ்சம் போடுன்னேன். போட்டா.

பதினோரு நாள் மூடிக் கிடந்துச்சு. அடுத்த பாலம் வழியா சுத்திப் போனா பதினாலு மைல். பேத்தி பள்ளிக்கூடத்துக்கு விடிகாலைல எந்திரிச்சா. என் மக விடிகாலைல அவளை விட்டு, அந்தக் கரையிலயே இருக்கிற கடைக்குப் போயி, பத்து மணிக்கு அனுமதி கேட்டுக்கிட்டு மறுபடி பதினாலு மைல் வந்து, ஹிலரிக் கிழவியை ஏத்திக்கிட்டு அந்தக் கரைக்குப் போவா. அந்த முட்டைக்காக! நான் வந்த இத்தனை வாரத்துல என்னை ஒரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக நேரமில்லேன்னவ. ஒருநாள் வழியில கார் நெரிசல், போய்ச் சேர மணி ஒண்ணாயிடுச்சாம். அந்த மனுஷன் முட்டையைத் தின்னுட்டு, யாரும்மா நீன்னு கேட்டாராம். கிழவி திரும்பி வந்து நம்ம வீட்டு சோபாவுல உக்காந்து அழுதா. அழுதுட்டு, எங்கிட்டயே 'உங்க ஊர்ல வெயிலா'ன்னு விசாரிக்கிறா. சீன்னு ஆயிடுச்சு எனக்கு.

பன்னண்டாம் நாள் சர்ச்சுக்குப் பக்கத்து ஹால்ல ஊர்க்கூட்டம். என்னையும் வரச்சொன்னாங்க. சண்டைக்குன்னுதான் தயாரா போனேன், சட்டப்படி என்ன பேசணும்னு குறிப்பெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். கவுன்சில் இன்ஜினியர் ஒரு சின்னப் பொண்ணு, எந்திரிச்சு சொல்லுது: பாலம் பத்திரமா இருக்கு. மூணாவது வளைவு விரிசல் இருநூறு வருஷம் முன்னால வந்த வெள்ளத்துல விழுந்தது. அன்னிலேர்ந்து கண்காணிப்புல இருக்கு. குறுக்க ஒட்டின கண்ணாடி உடையல.

நான் நத்தைத் தடம்னு நெனச்சேனே, அதுதான் கண்ணாடி.

உங்களுக்குத் தெரியாதில்ல, சொல்றேன். விரிசல் இருந்தா அதுக்குக் குறுக்க ஒரு விரல் அகலக் கண்ணாடியை ரெண்டு பக்கமும் சிமெண்ட் வச்சு ஒட்டிடுவோம். விரிசல் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி பட்டுனு விட்டுடும். கண்ணாடி முழுசா இருந்தா பாலம் அசையலன்னு அர்த்தம். நம்ம ஊர்லயும் உண்டு. நானே ஒட்டியிருக்கேன்.

அப்புறம் ஹிலரி எந்திரிச்சா. ஒரு பெரிய நோட்டை வச்சுக்கிட்டு, "மூணாவது வளைவு நம்ம பூங்கொடி பொறுப்பு. ஆறு வருஷமா ஒரு சனிக்கிழமை விட்டதில்ல"ன்னு படிக்கிறா. எந்த வளைவு அவளோடதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. நான் கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல.

அதோட விட்டாளா? என்னைப் பாத்துத் திரும்பி, "சந்தேகம் வந்தா இவர் மாதிரி எழுதணும். எழுதாம இருக்கிறதுதான் தப்பு"ன்னாளே பாக்கணும். ஹால் பூரா கை தட்டுறான். அவ முட்டைக் கையாலயே என் கையைப் பிடிச்சுக் குலுக்குறா. திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன், குறிப்பெல்லாம் இருந்துச்சு. கோவப்படத் தெரியாத ஜனங்க. வெளில வந்து அந்த ஆத்தோரம் நின்னு நிஜமாவே வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்குக் கார்ல வர்றோம். பூங்கொடி ஓட்டுறா. பாலத்து மேல ஏறினப்போ மெதுவாக் கேட்டா.

"கருக்கனாத்துக் கண்ணாடி ஞாபகம் இருக்காப்பா?"

"எந்தக் கண்ணாடி?"ன்னேன்.

"ஸ்கூட்டர்ல என்னை முன்னால நிக்கவச்சுக் கூட்டிட்டுப் போவீங்களே, ஞாயித்துக்கிழமை. கண்ணாடி உடைஞ்சிருக்குப்பான்னு நான்தான் முதல்ல பாத்தேன்."

எதிர்ல கார் வந்துச்சு, இவ நின்னு கையாட்டினா.

ஞாபகம் இல்லாம என்ன? அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னுகூட ஞாபகம் இருக்கு. எவனோ மாடு மேய்க்கிறவன் கல்லெறிஞ்சிருப்பான்டின்னேன். பாலம் திறந்து ரெண்டே வருஷம், அதுக்குள்ள தூண்ல விரிசல் கண்டு நான்தான் கண்ணாடி ஒட்டியிருந்தேன். அந்த வருஷம் என் பேரு பதவி உயர்வுப் பட்டியல்ல இருக்கு. தூண் இறங்குதுன்னு எழுதினா எவன் கட்டினான், எவன் கையெழுத்துப் போட்டான்னு முதல்ல எனக்குத்தான் கேள்வி வரும். வண்டியிலேயே ஒரு கண்ணாடித் துண்டு இருந்துச்சு. இந்தக் கையாலயே பழசைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசை ஒட்டினேன். ரெஜிஸ்டர்ல 'கண்ணாடி நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதினேன். பொய்யா அது? ஒட்டினப்போ நல்லாத்தானே இருந்துச்சு.

ஐப்பசி மழையில ஒரு நாள் காலைல தூண் உக்காந்துடுச்சு. ஒருத்தர்தான் போனார். எங்க வீட்டுக்குப் பால் ஊத்துற அய்யாவு, கேனோட சைக்கிள்ல வந்துக்கிட்டிருந்தார். விசாரணைக்கு வந்தவன் ரெஜிஸ்டரைப் பாத்துட்டு வெள்ளத்தால விழுந்ததுன்னு எழுதிட்டுப் போயிட்டான். பூங்கொடிக்கு அப்ப பத்து வயசு. அவகிட்ட யாரும் கேக்கல. சின்னப்புள்ளகிட்ட என்ன கேக்கறது?

ஊர்க்கூட்டம் முடிஞ்ச அடுத்த வாரமே பூங்கொடி எனக்கு டிக்கெட் போட்டுட்டா. மாப்பிள்ளை சொல்லிப் பாத்தார், மூணு மாசம் ஆகட்டுமேன்னார். அவ கேக்கல. ஏர்போர்ட்ல பெட்டியை உருட்டிக்கிட்டே வந்தவ, உள்ள போற இடத்துல நின்னா.

"அப்பா, ஊர்ல தினம் ஒரு மனு எழுதுறீங்களே. அதுல ஒண்ணு அந்தக் கண்ணாடிக்காக எழுதுங்க. நீங்க என்ன பண்ணீங்களோ அதை அப்படியே எழுதுங்க. எழுதிப் போட்டுட்டு வாங்க. அப்புறம் இங்கேயே இருந்துடுங்கப்பா."

நான் கேக்கணும்னு ஏங்கின வார்த்தையை எங்க கொண்டுபோய்ச் செருகிட்டா பாத்தீங்களா? பெத்த அப்பனுக்கு நிபந்தனை போடுறா. கல்லைத் தட்டித் தட்டி மனசு கல்லாப் போச்சு அவளுக்கு.

ம்... வண்டி மெதுவாகுதா? பள்ளத்துல இறங்கும், கம்பியைப் பிடிச்சுக்குங்க. இது தற்காலிகப் பாதை. இருபத்தெட்டு வருஷமா தற்காலிகம். மழைக்காலத்துல தண்ணி வந்தா இதுவும் கிடையாது, இருபது கிலோமீட்டர் சுத்தணும். இதுக்கு மட்டும் எழுபது மனு போட்டிருக்கேன்.

அந்தப் பக்கம் என்னத்தைப் பாக்குறீங்க? ஆமா, அதுதான். ரெண்டு தூணு நிக்குது, மூணாவது சாஞ்சு கிடக்கு. பாத்தது போதும், கண்ணாடியை இழுத்துச் சாத்துங்க தம்பி, தூசி வருது.

இல்ல, எழுதாமலாம் இல்ல. ப்ளேன்லயே எழுதிட்டேன். அரைப் பக்கம்தான் வந்துச்சு, நகல்கூடப் போடல. இதோ சட்டைப் பையில இருக்கு. மெல்லிங்ஃபோர்டு போறதுக்கு முன்னாலன்னா யோசிக்காமத் தபால்ல போட்டுட்டு மகளுக்குப் போன் பண்ணியிருப்பேன். எழுதினா இங்க எவன் படிக்கப் போறான்னு அவ்வளவு நம்பிக்கையா இருந்தேன். அந்த நம்பிக்கையைத்தான் அந்தப் பாழாப்போன ஊரு கெடுத்து விட்டுடுச்சு.